முப்பத்தாறு பிலிமில் நாற்பத்தோரு படம்

எனக்கும் சேர்த்து டீ போட்டுவிட்டு, "ஆறிடும், வா மலரு" என்று கூப்பிடும் என் அண்ணிக்கு,

நலமா என்று கேட்பதற்கில்லை. நாங்கள் நலம் என்று எழுதவும் கை வரவில்லை. இருக்கிறோம், அவ்வளவுதான். அண்ணன் காலையில் வேனை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறார், புளியோ சாமையோ ஏற்றிக்கொண்டு சாயங்காலம் ஒடுகத்தூருக்கு இறங்குகிறார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையைத் திறக்கிறேன், மூடுகிறேன். மூன்று பேருக்கு அரிசி அள்ளிய கை இன்னும் இரண்டு பேருக்கு அள்ளப் பழகவில்லை. தினமும் மிஞ்சுகிறது. மறுநாள் அதையே தாளித்துக் கடைக்குக் கட்டிக்கொண்டு போகிறேன்.

அலுப்பாக இருக்கிறது அண்ணி. அழுகையெல்லாம் ஆடிக்கு முன்பே தீர்ந்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது அலுப்புதான். துணி மடிக்க அலுப்பு, யாராவது "எப்படி கீறீங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல அலுப்பு.

வருகிற மாசியில் உங்களுக்கு முதல் தெவசம். அதற்குள் சொல்லியாக வேண்டிய ஒன்று மூன்று வருடமாக என் தொண்டையில் நிற்கிறது. அது உங்கள் படத்தைப் பற்றியது.

கூடத்தில் இப்போது மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். ஆதார் அட்டையில் இருக்கிற அதே படம். அதைப் பெரிதாக்கி, கறுப்புக் கறையைத் துடைத்து, பின்னால் நீலம் கொடுத்து அச்சடித்தவள் நான்தான். என் கடை, என் மெஷின். எவ்வளவு துடைத்தும் அதில் இருப்பது நீங்கள் இல்லை. ஏதோ திருட்டுக் கேஸில் பிடித்துவந்து சுவரோரம் நிற்கவைத்த பெண்மணி ஒருத்தி. அவளுக்கு நாங்கள் தினமும் பூ வைக்கிறோம்.

வேறு படமே கிடைக்கவில்லையா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். கல்யாண ஆல்பத்தில் நீங்கள் குனிந்த தலை நிமிரவே இல்லை. செல்போனில் எடுத்த படங்களில் எல்லாம் ஓரத்தில் பாதி முகம், அல்லது "எடுக்காதே" என்று நீட்டிய கை. கடைசி வருடத்துப் படங்கள் இருக்கின்றன. முடி கொட்டி, முகம் வீங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவற்றை அண்ணன் பார்க்கவே மாட்டேன் என்கிறார்.

"செல்லுல எடுத்தா ஒடனே பாக்கத் தோணும் மலரு. பாத்தா என் மூஞ்சி எனக்கே புடிக்காது. அழின்னு சொல்லிடுவேன்" என்பீர்கள். பிலிம் கேமராவில் அது நடக்காது, எடுத்தது எடுத்ததுதான். நீங்கள் உட்கார்ந்து முகம் காட்டுவதாக இருந்தால் அதற்கு மட்டும்தான். ஒரே ஒரு நாள் அப்படி உட்கார்ந்தீர்கள். எடுத்தவள் நான்.

அண்ணன் தினமும் வண்டி எடுக்கப் போகுமுன் அந்த ஆதார் படத்தின் முன் நிற்கிறார். முதலில் சும்மா நின்றார். ஐப்பசிக்குப் பிறகு பேச ஆரம்பித்துவிட்டார். "ஒரு போட்டோ எடுத்து வெக்கத் துப்பில்லாத புருசன்டி நானு." தினமும் இதே வாக்கியம். பிள்ளை இல்லாத வீடு, உங்கள் இருவருக்கும் உங்கள் இருவரை விட்டால் யார்? அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே நான் தோசையைத் திருப்புவேன். துப்பில்லாதது அவர் இல்லை அண்ணி. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

நீங்கள் அந்தக் கேமராவை வாங்கிய கதை உறவுக்காரர்கள் மத்தியில் பிரசித்தம். மலையில் நர்சு வேலை, வாரம் ஆறு நாள் பஸ், மிச்ச நாளில் துணி துவைப்பது என்று இருந்த உங்களுக்குத் திடீரென்று பழைய பிலிம் கேமரா மேல் ஆசை வந்தது. மலையில் யாராவது இறந்துபோனால் சுவரில் மாட்ட ஒரு படம் கிடைக்காமல் வீட்டார் ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. இருக்கும்போதே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும், அதுவும் கையில் பிடிக்கிற படமாக, என்றீர்கள். ஆறு மாதம் கேமராக்களை விசாரித்தீர்கள். தடுப்பூசிக் கணக்கு எழுதுகிற நீள நோட்டில் பின்பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றைப் பற்றியும் எழுதினீர்கள். பெயர்கூட வைத்தீர்கள்.

முழு இரும்பு, கனம், எந்த அலங்காரமும் இல்லாதது 'பெரிய மாமா'. பளபளவென்று, பேட்டரி போட்டால் எல்லாம் தானே செய்து, பேட்டரி தீர்ந்தால் அசையாமல் படுத்துக்கொள்வது 'புது மாப்பிள்ளை'. பொடி உடம்பும் பெரிய கண்ணுமாக இருந்ததற்கு 'நாத்தனார்' என்று என்னை வைத்து எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு இரண்டு நாள் உங்களிடம் முறைத்துக்கொண்டு இருந்தேன்.

நீங்கள் வாங்கியது பெரிய மாமாவை. "மலைல எவன் பேட்டரி வெச்சுக்கினு உக்காந்து கீறான்? இது பேட்டரி இல்லன்னாலும் ஓடும்" என்பதுதான் நியாயம். வெளிச்சம் காட்டும் முள் மட்டும்தான் பேட்டரியில் ஆடும், மற்றதெல்லாம் பல்சக்கரம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனீர்கள். உங்களால் எத்தனை வீட்டுச் சுவரில் ஆட்கள் நன்றாகச் சிரித்துக்கொண்டு தொங்குகிறார்கள் தெரியுமா? நீங்கள்தான் ஆதார் அட்டையில் இருந்து முறைக்கிறீர்கள்.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் திருவண்ணாமலைக்கு லோடு போயிருந்தார். நாம் இருவரும் பஸ் பிடித்து ஜமுனாமரத்தூர் போய், அங்கிருந்து ஆட்டோவில் அருவிக்குப் போனோம். நீங்கள் அந்த மாம்பழ நிறச் சேலை. பாறையில் உட்கார்ந்ததும் கேமராவைக் கழற்றி என்னிடம் நீட்டினீர்கள்.

"இன்னிக்கு என்ன எடு மலரு. அப்பால மாலை போடறதுக்கு ஒண்ணு வோணும்ல?"

"வாயக் கழுவுங்க அண்ணி" என்றேன்.

"கழுவிக்கலாம், தண்ணிதான் நெறைய கீதே. பிலிம் மாட்டத் தெரியுமா, நான் மாட்டித் தரவா?"

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. புருஷன் வீட்டில் வாழ முடியாமல் திரும்பி வந்தவள் என்று ஊர் பேசியபோது, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் உங்கள் பீரோவில் பாதியை எனக்கு ஒழித்துக் கொடுத்தீர்கள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை என் கடைதான். தினம் முப்பது பேருக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறவளிடம் பிலிம் மாட்டத் தெரியுமா என்று கேட்கலாமா? "எனக்குத் தெரியாதா? குடுங்க" என்று பிடுங்கினேன். டிஜிட்டலில் எடுக்கிறவள் பிலிமைக் கண்டேனா? நீங்கள் மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தது மட்டும்தான். பிலிமின் நாக்கை அந்தப் பக்கத்து உருளையின் பிளவில் சொருகினேன், மூடினேன், பிலிமை நகர்த்துகிற லிவரை இரண்டு முறை இழுத்தேன். இழுக்கும்போது இடதுபக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றினால் பிலிம் ஓடுகிறது, சுற்றாவிட்டால் நாக்கு கழன்றுவிட்டது. அதை நீங்கள் பத்து முறையாவது சொல்லியிருப்பீர்கள். நான் பார்க்கவில்லை.

எடுத்தேன். ஒன்று, இரண்டு என்று நீங்கள் வாய்விட்டு எண்ணினீர்கள். கவனமாகத்தான் எடுத்தேன் அண்ணி, வெளிச்சம் பார்த்து, முகத்தைக் கூர்மையாக்கி. முப்பத்தாறு வந்தது. பிலிம் அதோடு தீரும், லிவர் நிற்க வேண்டும். நிற்கவில்லை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு.

"எப்பா, நல்ல பிலிமுடி இது. கேக்காமயே கொசுறு குடுக்குது" என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தோம். நாற்பத்தொன்றில், "போதும், மிச்சம் வெய்யி" என்று எழுந்து தண்ணீரில் கால் நனைக்கப் போனீர்கள்.

நான் பிலிமைத் திருப்பிச் சுற்ற உட்கார்ந்தேன். முப்பத்தாறு படம் ஓடிய பிலிமைச் சுற்ற கை வலிக்கும். எனக்கு ஒரு சுற்றிலேயே லொடலொட என்று ஆகிவிட்டது. அப்போதே தெரிந்துவிட்டது. அந்தப் பாறையில், அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரியும். ஒரு படம்கூட ஏறவில்லை.

பையில் இன்னொரு பிலிம் இருந்தது. வெயில் பாறையை விட்டுப் போக இன்னும் ஒரு மணி நேரமாவது இருந்தது. நீங்கள் பத்தடி தள்ளி நின்றிருந்தீர்கள். "அண்ணி, மாட்டினது சரியில்ல, திரும்ப உக்காருங்க" என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? நான் சொல்லவில்லை. வெட்கம். இன்னும் நாலைந்து சுற்று சும்மா சுற்றிவிட்டு, எடுத்து டப்பாவில் போட்டு மூடினேன்.

லேபில் இருந்து வெறும் கண்ணாடி மாதிரி பிலிம் திரும்பி வந்தபோது, "ஷட்டர் போச்சு போல அண்ணி, பழசுதானே" என்றேன். நீங்கள் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தீர்கள். "ம்" என்றீர்கள். அடுத்த வாரம் கேமராவை வேலூரில் ரிப்பேர் செய்கிற கரீம் பாய் கடைக்கு எடுத்துப் போனீர்கள். அது திரும்பி வரவே இல்லை. பிறகு ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டீர்கள்: "இன்னொரு தபா அருவிக்குப் போலாமா மலரு?" "கேமராதான் போச்சே அண்ணி" என்றேன். நீங்கள் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை, அடுத்த மார்கழிக்குள் காய்ச்சல், பரிசோதனை, வேலூர், சென்னை என்று ஆகிவிட்டது.

போன ஆவணியில் பிரிட்ஜைத் துடைத்தேன். கதவுத் தட்டில், முட்டை வைக்கிற குழியில், நீங்கள் நர்சு கையெழுத்தில் 'அருவி – 2' என்று எழுதி ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. அந்த இரண்டாவது பிலிம். குளிரில் இருந்தால் கெடாது என்று வைத்திருக்கிறீர்கள். நான் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே முடிவு செய்தேன். ஒரு கேமரா வாங்க வேண்டும். அண்ணனை அந்தப் பாறைக்கே அழைத்துப்போய் விஷயத்தைச் சொல்லி, அந்த இரண்டாவது பிலிமில் அவரை எடுக்க வேண்டும், அவருக்காவது ஆதார் படம் வேண்டாம். ஆனால் கேமரா வாங்க ஐந்து மாதம் ஆனது. உண்மையைச் சொன்னால், தேடினேனா தள்ளிப்போட்டேனா என்று எனக்கே தெரியாது. இது நல்லதா அது நல்லதா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்வரை அண்ணனிடம் வாய் திறக்க வேண்டியதில்லை பாருங்கள்.

உங்கள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். முதலில் உங்களுடையதைப் போலவே ஒரு பெரிய மாமா. இணையத்தில் பார்த்துச் சென்னையில் இருந்து வரவழைத்தேன். படத்தில் மினுமினுத்தது. நீங்கள் எழுதியபடி லென்ஸைத் தனியாகக் கழற்றி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை நூல் நூலாகக் காளான். பின்கதவைத் திறந்தால் வெளிச்சத்தை அடைக்கிற பஞ்சு தார் போல உருகி விரலில் ஒட்டியது. திருப்பி அனுப்பினேன். விற்றவர் பேசிய பேச்சுக்குப் பதில் சொல்லவும் அலுப்பாக இருந்தது, போனை வைத்துவிட்டேன்.

அடுத்தது கண்ணமங்கலத்தில் ஒரு புது மாப்பிள்ளை. ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில், பட்டுத்துணியில் சுற்றி. எத்தனை அழகு அண்ணி! ஒரு கீறல் இல்லை. அந்த வீட்டு அம்மாவே மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பேட்டரி போட்டா நல்லாத்தாம்மா பாடும். அந்தப் பேட்டரி வேலூர்லயே கெடைக்கலியாம். வாங்கினு போயி ஷோகேஸ்ல வெச்சுக்கோ." கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அசையாத மாப்பிள்ளையோடு ஏற்கெனவே ஒருமுறை வாழ்ந்து பார்த்தவள் நான். மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மிச்சம் இருந்த இடம் கரீம் பாய் கடை. இந்தப் பக்கத்தில் பழைய கேமரா தெரிந்தவர் அவர் ஒருவர்தான், முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கேமராவைத் திறந்து பார்த்தவர் அவர். அதில் கோளாறே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். போன வாரம் தெவசத்துக்குச் சாமான் வாங்கும் சாக்கில் வேலூர் போனேன். கால் தானாக அங்கே போய் நின்றது.

"இன்னாம்மா வோணும்?"

"பழைய பிலிம் கேமரா பாய். பேட்டரி இல்லன்னாலும் ஓடணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்படிக் கேட்டு வந்தது ஒரே ஒரு அம்மாதான். மலைல நர்சம்மா."

"அவங்க நாத்தனார் நானு" என்றேன். நீங்கள் போய்விட்டதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பொடிக் கேமராவை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். பார்த்ததுமே தெரிந்தது, நீங்கள் நோட்டில் எழுதிய நாத்தனார்.

நோட்டில் நீங்கள் எழுதியிருந்த பரீட்சையை வைத்தேன். பின்கதவைத் திறந்து, ஜன்னல் பக்கம் பிடித்து, ஷட்டரை ஒரு வினாடியில் வைத்து அழுத்திவிட்டு, "ஜமுனாமரத்தூர்" என்றேன். அந்த ஊர்ப் பேரை நிதானமாகச் சொல்ல ஒரு வினாடி ஆகும் என்பது உங்கள் கண்டுபிடிப்பு. சென்னையில் இருந்து வந்த பெரிய மாமா அதில் 'மரத்'திலேயே கண்ணை மூடிவிட்டது. இது 'தூர்' முடிந்து மூடியது. பாய் சிரித்துவிட்டார்.

"அந்தம்மாவும் இப்படித்தான் ஊரு பேரச் சொல்வாங்க."

கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. "பாய், அவங்க கேமரா இன்னா ரிப்பேரு?"

"ரிப்பேரா? அதுல ஒண்ணுமே இல்லம்மா. நானும் சொன்னேன், யாரோ பிலிம ஒழுங்கா மாட்டல, அதான்னு. 'தெரியும் பாய், முப்பத்தாறுல நாப்பத்தொண்ணு எப்படி வரும்'னு சிரிச்சாங்க. அப்பறம் இன்னாத்துக்குக் கொண்டாந்தீங்கன்னேன். 'வூட்ல ஒரு பொண்ணு ரிப்பேருன்னு சொல்லிட்டா. கொஞ்ச நாள் ரிப்பேராவே இருக்கட்டும்'னாங்க. அவளா ஒரு நாள் வந்து சொல்வா, அப்ப எடுத்துக்கறேன்னாங்க."

நான் நாத்தனாரின் பின்கதவைச் சத்தம் வராமல் மூடினேன்.

"அப்பால ஒரு வருசம் கழிச்சி வந்தாங்க, ஒடம்பு சரியில்லாம இருந்தது போல. வித்துடுங்க பாய்ன்னாங்க. நல்ல கேமராவ எதுக்கும்மா விக்கறீங்கன்னேன். 'அந்தப் பேச்சு வந்தாலே அவ மொகம் சுருங்குது, வோணாம்'னுட்டாங்க."

அண்ணி, ஏன் என்னை நாலு அறை அறையவில்லை? "ஏண்டி பொய் சொல்ற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுதுவிட்டு மறுவாரமே பாறைக்கு வந்திருப்பேனே. உங்கள் ஆசைக் கேமராவைக் கொடுத்து என் பொய்யைக் காப்பாற்றினீர்கள். கீரை ஆய்ந்துகொண்டே அருவிக்குப் போகலாமா என்று கேட்டது அருவிக்காக இல்லை என்று இப்போது புரிகிறது. எனக்கு வாசல் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தீர்கள். நான் அந்த வாசலைத் தாண்டித் தாண்டிக் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். உங்கள் பெருந்தன்மை மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்க என்னால் முடியவில்லை.

நாத்தனாரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் உங்கள் நோட்டைத் திறந்தேன். அந்தப் பேருக்குக் கீழே எழுதியிருந்ததை அன்றைக்குக் கோபத்தில் முழுதாகப் படிக்கவே இல்லை. 'எந்தத் திருகு எங்க இருக்குன்னு பழகறதுக்கு நாளாகும். பழகிட்டா வுட மனசு வராது.' ஒடுகத்தூர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணனிடம், "லோடு வோணாம், என்னை அருவிக்குக் கூட்டினு போ" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. தை மாதம் என்றாலும் இந்த வருடம் மழை நன்றாகப் பெய்ததால் தண்ணீர் இருந்தது. அதே பாறை. நான் உங்கள் இடத்தில் உட்காரவில்லை, அண்ணன்தான் தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்தார்.

சொன்னேன். மாட்டத் தெரியாமல் மாட்டியதை, தெரிந்தும் வாய் மூடியதை, ஷட்டர் போச்சு என்று சொன்னதை, கரீம் பாய் சொன்னதை. "நீ துப்பில்லாத புருசன் இல்ல அண்ணா. எடுத்துத் தொலச்சவ நானு" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று இருந்தேன். வேனை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்றுகூட நினைத்தேன். திரும்பாமலே கேட்டார்:

"பிலிம்ல வுழல. சரி. நீயாவது பாத்தியா?"

"இன்னாத்த?"

"அவள. கேமரால கண்ணு வெச்சுத்தான எடுத்த? நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

"எத்தினி தபா?"

"நாப்பத்தியொரு தபா அண்ணா."

"அப்ப சொல்லு" என்றார். "ஒண்ணொண்ணா சொல்லு. எப்படி இருந்தா?"

சொல்ல ஆரம்பித்தேன் அண்ணி. எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது. மூன்று வருடமாக அந்தப் படங்களைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன், வேறென்ன வேலை? முதல் படத்தில் நீங்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறீர்கள். இரண்டாவதில் கண் மூடிவிட்டது. ஐந்தாவதில், "சீக்கிரம் எடுடி, வெயிலு கண்ணுல குத்துது" என்று என்னைத் திட்டுகிறீர்கள். ஒன்பதாவதில் முந்தானை தண்ணீரில் நனைந்து அதைப் பிழிகிறீர்கள். பதினேழில் குரங்கு வந்து நம் வாழைப்பழச் சீப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போக, வழக்கம்போல வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறீர்கள். பதினெட்டிலும் கை வாயில்தான். பத்தொன்பதில் சிரிப்பு அடங்காமல், கையை எடுத்துவிட்டீர்கள்.

அண்ணன் சட்டென்று திரும்பினார். "தெத்துப்பல்லு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அண்ணா."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பதினோரு மாதமாகத் தேங்கியது எல்லாம் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்த நாளைக்குச் சொல்லு. ஒரே நாள்ல தீத்துடாத" என்றார்.

'அருவி – 2' டப்பாவைத் திறந்து பிலிமை மாட்டினேன். நாக்கைச் சொருகி, மூடி, லிவரை இழுக்கும் முன் அண்ணனின் விரலைப் பிடித்து இடதுபக்கக் குமிழின் மேல் வைத்தேன். இழுத்தேன்.

"சுத்துது" என்றார் அண்ணன். மறுபடி இழுத்தேன். "ஆமா மலரு, சுத்துது."

அவரை ஒரு படம் எடுத்தேன், ஒன்றே ஒன்று. கண் சிவந்துதான் இருந்தது, இருக்கட்டும், ஆதார் அட்டையைவிட மேல். இன்னும் முப்பத்தைந்து இருக்கிறது. மலையில் உங்கள் சுற்றில் நீங்கள் எடுக்காமல் விட்ட வீடுகள் எவை என்று நோட்டில் குறித்திருக்கிறீர்கள், அங்கே போகிற தெம்பு எனக்கு வரட்டும், அதற்கு இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். தெவசத்துக்குள் மிச்சம் இருபத்தொன்றையும் அண்ணனிடம் சொல்லி முடிப்பேன், நாளைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று என்று. இன்று காலையில் இருபதாவதைச் சொன்னேன். அவர் படத்தின் முன் நின்று அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்லவில்லை, அடுப்படிக்கு வந்து, "இருவதுல இன்னா பண்றா?" என்று கேட்டார். முப்பத்தாறோடு நிறுத்தமாட்டேன் அண்ணி. கேட்காமலே கிடைத்த அந்த ஐந்தையும் சொல்வேன்.

இனிமேல் குமிழைப் பார்க்காமல் லிவரை இழுக்காத,
உங்கள் நாத்தனார்
மலர்